வீட்டு முகப்பில் ஊசியிலைச் செடி: குட்டை எது, மரம் எது?

ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு போய்த் திரும்புகிறவர்கள் கையில் தைலப் புட்டியும் வர்க்கிப் பொட்டலமும் மட்டும் இருப்பதில்லை. கறுப்புப் பாலிதீன் பையில் ஒரு பச்சைச் செடியும் இருக்கிறது. கூம்பு போல நிமிர்ந்து நிற்கும், மொத்தமாக இலை உதிர்த்து மொட்டையாகாது, பார்க்க அழகு. "குட்டைச் செடிங்க, இதுக்கு மேல வளராது" என்று விற்றவர் சொல்லியிருப்பார். புது வீட்டுக்குப் பால் காய்ச்சிய கையோடு அதை வாசலின் இரு பக்கமும் நட்டு விடுகிறோம்.

அதன் பிறகு நடப்பது மூன்றில் ஒன்று. முதல் சித்திரை வெயிலிலேயே செடி பழுத்துக் காய்ந்து விடுகிறது. அல்லது, நல்லபடியாகப் பிடித்து ஆண்டுக்கு ஒரு கை அளவு வளர்ந்து வாசலுக்கு அழகு தருகிறது. அல்லது, பத்துப் பன்னிரண்டு ஆண்டில் மாடியைத் தாண்டி மின்கம்பியைத் தொட்டு, ஆள் வைத்து வெட்ட வேண்டியதாகி விடுகிறது. மூன்றுக்கும் காரணம் கைராசி அல்ல. எந்தச் செடி என்று தெரியாமல் வாங்கியதும், எங்கே எப்படி நடுவது என்று தெரியாமல் நட்டதுமே காரணம். கிணற்றுத் தண்ணீரை அளந்து செலவிடும் நம்மைப் போன்றோர், காசு கொடுத்து வாங்குமுன் இதைத் தெரிந்து கொள்வது நல்லது.

சவுக்கு ஊசியிலை மரமா?

ஊசியிலை மரம் என்றதும் நமக்கு முதலில் நினைவு வருவது சவுக்கு. தோற்றத்தில் அப்படித்தான். ஆனால் சவுக்கு இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததல்ல. நாம் ஊசியிலை என்று நினைப்பது அதன் மெல்லிய குச்சி. உண்மையான இலை அக்குச்சியின் கணுவில் பல் போல மிகச் சிறிதாக இருக்கும். சவுக்கு பூக்கும் இனம்.

உண்மையான ஊசியிலை இனங்கள் பூப்பதில்லை. பெரும்பாலானவற்றில் செதில் அடுக்கிய கூம்புக் காய்க்குள் விதை உண்டாகும். பைன், சைப்ரஸ், துஜா, ஜூனிபர், அரக்கேரியா எல்லாம் இந்த வகை. இவை அனைத்தும் நம் பக்கத்துக்கு வெளியிலிருந்து வந்தவை. தென்னிந்தியாவுக்குச் சொந்தமான ஊசியிலை இனம் ஒன்றே ஒன்றுதான். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காடுகளில் வளரும் நகேயா என்னும் மரம் அது. அதற்கு ஊசி இலைகூடக் கிடையாது, அகன்ற இலைதான். ஆகவே, நாம் வீட்டில் வளர்க்கும் ஊசியிலைச் செடி எதுவானாலும் அது விருந்தாளி. அதன் சொந்த ஊர் எப்படிப்பட்டது என்று தெரிந்தால்தான் அதற்கு வேண்டியதைச் செய்ய முடியும்.

குட்டை என்றால் என்ன?

பலரும் தவறாக எண்ணுவது இங்கேதான். ஊசியிலைச் செடிகளில் குட்டை என்பது செடி நின்று விடும் உயரத்தைக் குறிப்பதல்ல. அது வளரும் வேகத்தைக் குறிப்பது.

அமெரிக்காவில் இச்செடிகளை வளர்ப்போருக்கென உள்ள ஊசியிலை மரச் சங்கம் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. ஆண்டுக்கு 1 அங்குலத்துக்கும் குறைவாக வளர்வது மிகக் குட்டை. 1 முதல் 6 அங்குலம் வரை வளர்வது குட்டை. 6 முதல் 12 அங்குலம் வரை நடுத்தரம். ஓர் அடிக்கு மேல் வளர்ந்தால் அது பெருமரம்.

இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஆண்டுக்கு 6 அங்குலம் வளரும் 'குட்டை' 20 ஆண்டில் 10 அடி ஆகிவிடும். வயதானாலும் வளர்ச்சி அடியோடு நிற்பதில்லை. மேலும், இந்தக் கணக்கு குளிர் காலத்தில் பல மாதம் செடி உறங்கும் நாட்டில் போட்டது. உறைபனி இல்லாத நம் ஊரில் தண்ணீரும் உரமும் தாராளமாகக் கிடைத்தால் இன்னும் சற்று வேகமாகவே வளரலாம். ஆகவே செடி இன்றைக்கு எத்தனை அடி என்று பார்த்து வாங்காதீர்கள். ஆண்டுக்கு எத்தனை அங்குலம் போகும் என்று கேட்டு வாங்குங்கள்.

குட்டை ரகங்கள் எப்படி உண்டாயின என்பதும் தெரிந்திருக்க வேண்டியது. பெரிய மரத்தின் ஒரு கிளையில் திடீரென்று விளக்குமாறு போல நெருக்கமாகக் குச்சிகள் வெடிப்பதுண்டு. அந்தக் குச்சியை எடுத்து வேர் பிடிக்க வைத்தோ, ஒட்டுக் கட்டியோ குட்டை ரகம் ஆக்கினார்கள். நாற்றங்காலில் ஆயிரத்தில் ஒன்றாகக் குள்ளமாக நின்ற நாற்றைப் பொறுக்கியும் எடுத்தார்கள். அதனால் குட்டை ரகத்தைக் குச்சி மூலமோ ஒட்டு மூலமோ பெருக்கினால்தான் குணம் மாறாது. விதை போட்டால் தாயைப் போல வரும் என்று சொல்வதற்கில்லை.

கடையில் கிடைப்பவை நான்கு

துஜா: நர்சரிகளில் அதிகம் கிடைப்பது இதுவே. உள்ளங்கையை நிமிர்த்தி வைத்தது போல இலைக்கொத்துகள் செங்குத்தாக அடுக்கியிருக்கும். காய் இளசாக இருக்கும்போது சாம்பல் பூத்த நீலப்பச்சையாக, சிறு கொம்புகளுடன் காணப்படும். பிளாட்டிக்ளாடஸ் என்பது இப்போதைய தாவரப் பெயர். சீனா, கொரியா பகுதிகளைச் சேர்ந்தது. வறட்சியையும் வெயிலையும் நன்றாகத் தாங்கும். சுண்ணாம்புச் சத்துள்ள மண்ணிலும் வரும். சமவெளியில் வைக்க இதுவே முதல் தேர்வு. ஆனால் சாதாரண துஜா மரமாகும் இனம். வயதான மரம் 50 அடிக்கும் மேல் போகும். குட்டை வேண்டுமானால் 'ஆரியா நானா' போன்ற ரகத்தைக் கேளுங்கள். பொன் பச்சை நிறமாக, முட்டை வடிவில், நெருக்கமாக நிற்கும். பத்து ஆண்டில் சுமார் 3 அடி வரும்.

ஜூனிபர்: தரையோடு படரும் ரகங்களும், சாய்ந்து விரியும் ரகங்களும் உண்டு. ஜப்பான் கடற்கரையிலிருந்து வந்த படரும் ஜூனிபரின் குட்டை ரகம் ஓர் அடி உயரத்துக்குள் நின்று பக்கவாட்டில் 4 அடிக்கு மேல் பரவும். சரிவான நிலத்தில் மண் அரிப்பைத் தடுக்கும். மலைப்பகுதிகளுக்கும் ஓசூர் போன்ற மேட்டு நிலங்களுக்கும் ஏற்றது. சமவெளியில் ஒன்றைத் தொட்டியில் வைத்து ஒரு கோடையைத் தாண்டுகிறதா என்று பார்த்த பிறகு மேலும் வாங்கலாம்.

பொன் சைப்ரஸ்: மஞ்சள் கலந்த பச்சை, கசக்கினால் எலுமிச்சை வாசம். ஒன்றரை அடித் தொட்டியில் இருப்பதால் குட்டை என்று எண்ணி ஏமாறுகிறோம். இது கலிபோர்னியாவின் குளிர்ந்த, மூடுபனி நிறைந்த கடற்கரை மரத்தின் ஒரு ரகம். குட்டையே அல்ல. நீலகிரியில் 15 அடியைச் சுலபமாகத் தாண்டும். சமவெளியிலோ கோடையைத் தாங்காமல் காய்ந்து விடும். முதல் வெயிலில் செத்துப் போயிற்று என்று வருந்துகிறவர்கள் பலர் வாங்கியது இதைத்தான்.

அரக்கேரியா: கிறிஸ்துமஸ் மரம் என்று விற்கப்படுவது. அடுக்கடுக்காகக் கிளை விட்டு மிக அழகாக இருக்கும். பசிபிக் கடலில் உள்ள நார்போக் தீவும் நியூ கலிடோனியாவும் இவ்வினங்களின் தாயகம். அங்கே 150 அடிக்கு மேல் வளரும் மரங்கள் இவை. பெங்களூர் லால்பாக்கில் வானளாவ நிற்கும் அரக்கேரியாக்களைப் பார்த்தவர்கள், அதை வாசல் படிக்குப் பக்கத்தில் நடத் துணிய மாட்டார்கள். நியூ கலிடோனிய இனத்துக்கு ஒரு விசித்திரக் குணமும் உண்டு. ஐந்து கண்டங்களில் இம்மரங்களை அளந்து பார்த்த ஆய்வாளர்கள், இவை பூமத்திய ரேகை இருக்கும் திசை நோக்கிச் சாய்கின்றன என்று 2017-ல் வெளியிட்டார்கள். அரக்கேரியாவைத் தொட்டியிலேயே வைத்திருந்தால் பல ஆண்டு சிறியதாக இருக்கும். தரையில் நட வேண்டுமானால் வீட்டிலிருந்தும் மின்கம்பியிலிருந்தும் குறைந்தது 30 அடி தள்ளி நடுங்கள். உயரம் கூடிவிட்டது என்று நுனியை வெட்டினால் உருவம் கெட்டு, பல தலைகள் கிளம்பும்.

இடமும் மண்ணும்

இச்செடிகளுக்கு நாளொன்றுக்கு 6 மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். மாமர நிழலிலும் தாழ்வாரத்திலும் வைத்தால் நெருக்கம் குறைந்து நீண்டு போகும், உள்ளிலைகள் உதிரும். அதே சமயம், மேற்கு வெயில் அறையும் வெள்ளைச் சுவரை ஒட்டி வைக்கக் கூடாது. சுவரின் சூடு செடியை இரண்டு பக்கமும் வாட்டும். சுவரிலிருந்து 3 அடியாவது தள்ளி நடுங்கள். செடிக்குச் செடி குட்டை ரகத்துக்கு 3 முதல் 4 அடியும், வேலியாக விடுவதானால் 2 அடியும் விடலாம்.

தண்ணீர் இல்லாமல் செத்த துஜாவைவிட, தண்ணீர் தேங்கிச் செத்த துஜாவே அதிகம் எனலாம். வேர் ஈரத்தில் மூச்சு முட்டினால் அழுகல் நோய் பற்றும். அது பற்றிய பின் மருந்து ஊற்றிப் பயனில்லை. செம்மண், சரளை நிலத்தில் கவலை இல்லை. கரிசல் மண்ணிலும் களிமண்ணிலும் குழிக்குள் நடாமல், ஓர் அடி உயரத்துக்கு மேடு கட்டி அதன் மேல் நட வேண்டும்.

குழி எடுக்குமுன் ஒரு சோதனை செய்து பாருங்கள். ஓர் அடி ஆழத்துக்குத் தோண்டித் தண்ணீர் நிரப்புங்கள். அது வடிந்ததும் மறுமுறை நிரப்புங்கள். மறுநாள் காலையிலும் தண்ணீர் நின்றால் அந்த இடம் மேடு கட்டாமல் உதவாது.

நடும் முறை

கோவை, நீலகிரி போன்ற மேற்கு மாவட்டங்களில் ஆடி, ஆவணியில் நடலாம். கிழக்கு மாவட்டங்களில் ஐப்பசி அடைமழை ஓய்ந்து, கார்த்திகைக் கடைசியிலோ மார்கழியிலோ நடுவது நல்லது. பனிக்காலத்தில் வேர் ஓடி, கோடைக்குள் செடி நிலைத்து விடும்.

ஒன்றரை அடி நீளம், அகலம், ஆழம் உள்ள குழி போதும். மேல்மண்ணோடு ஒரு கூடை நன்கு மக்கிய தொழு உரமும், ஒரு கூடை ஆற்று மணலும், கரையான் தொல்லை உள்ள இடத்தில் கால் கிலோ வேப்பம் புண்ணாக்கும் கலந்து நிரப்ப வேண்டும். பச்சைச் சாணமும் மக்காத எருவும் கூடவே கூடாது.

பாலிதீன் பையைக் கிழித்து முழுவதும் அப்புறப்படுத்துங்கள். பைக்குள் வேர் வட்டமாகச் சுற்றியிருந்தால், மூன்று நான்கு இடத்தில் மெல்லப் பிரித்து விடுங்கள். சுற்றிய வேரை அப்படியே நட்டால் இரண்டு மூன்று ஆண்டு கழித்துக்கூடச் செடி திடீரென்று வாடும். பையில் எந்த மட்டத்தில் இருந்ததோ அதே மட்டத்தில் நட வேண்டும். தண்டை மண்ணில் புதைக்கக் கூடாது. நட்ட பின் நிலக்கடலைத் தோலோ தென்னை நாரோ 2 அங்குலம் பரப்புங்கள். தண்டைச் சுற்றி ஒரு கையகலம் மட்டும் வெறுமனே இருக்கட்டும்.

தண்ணீரும் உரமும்

முதல் ஆண்டு மழை இல்லாத நாட்களில் வாரம் இரு முறை, கோடையில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீர் விடலாம். விரலை 2 அங்குலம் மண்ணில் விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் அன்று வேண்டாம். இரண்டாம் ஆண்டிலிருந்து தரையில் உள்ள துஜாவுக்கு வாரம் ஒரு முறை போதும். தினமும் ஒரு சொம்பு ஊற்றுவதைவிட, வாரம் ஒரு முறை இரண்டு குடம் நன்றாக இறங்கும்படி ஊற்றுவது மேல். தொட்டிச் செடி சீக்கிரம் காயும். அதைத் தனியே கவனிக்க வேண்டும்.

உரம் அதிகம் கேட்காத செடி இது. மழைக்கு முன் ஆண்டுக்கு ஒரு முறை ஒரு கூடை தொழு உரம் போதும். யூரியாவைக் கைநிறைய அள்ளிப் போட்டால் குட்டைச் செடி நெட்டையாக ஓடி, நெருக்கம் கெட்டு, பூச்சியையும் வரவழைத்துக் கொள்ளும்.

கவாத்தில் ஒரு எச்சரிக்கை

செம்பருத்தியையும் கனகாம்பரத்தையும் வெட்டுவது போல இதை வெட்டக் கூடாது. அவற்றைக் கட்டையாக வெட்டினாலும் துளிர் வரும். துஜா, சைப்ரஸ், ஜூனிபர் ஆகியவற்றில் இலையில்லாத பழுப்புக் குச்சி வரை வெட்டிவிட்டால் அந்த இடம் பெரும்பாலும் மறுபடி துளிர்க்காது. ஓட்டை ஓட்டையாகவே நிற்கும். எப்போது வெட்டினாலும் பச்சை இருக்கும் பகுதிக்குள்ளேயே கத்தரி நிற்க வேண்டும். ஆண்டுக்கு ஒரு முறை, முதல் மழை பெய்து புதுத் துளிர் கிளம்பும் சமயம், நுனியை ஓர் அங்குலம் கிள்ளினாற்போல் கத்தரித்தால் போதும். கத்திரி வெயிலில் கை வைக்காதீர்கள்.

மற்றொன்று. குட்டை ரகத்தில் சில சமயம் ஒரே ஒரு குச்சி மட்டும் மற்றவற்றை மீறி வேகமாக ஓடும். அது தன் பழைய மர குணத்துக்குத் திரும்பிய குச்சி. அழகாக இருக்கிறதே என்று விட்டால், சில ஆண்டில் செடி முழுவதையும் அதுவே ஆளும். கண்டவுடன் அடியோடு நறுக்கிவிட வேண்டும்.

பழுப்பு சொல்லும் சேதி

ஊசியிலைச் செடி தன் கஷ்டத்தைத் தாமதமாகவே வெளியில் காட்டும். முழுவதும் பழுக்கும்போது வேர் கெட்டுச் சில வாரம் ஆகியிருக்கும். ஆகவே பழுப்பு எங்கே தொடங்குகிறது என்று கவனியுங்கள்.

உள்பக்கத்துப் பழைய இலை மட்டும் பழுத்து உதிர்வது இயற்கை. பயப்பட வேண்டாம். உதறி எடுத்து விடுங்கள்.

வாசல் ஓரச் செடியில், தரையிலிருந்து ஒன்றரை அடிக்குள், ஒரு பக்கம் மட்டும் கருகினால் அது தெரு நாய் செய்யும் வேலை. நான்கு முட்குச்சிகளை நட்டு, சில நாள் நிறையத் தண்ணீர் விட்டு மண்ணைக் கழுவுங்கள்.

பச்சை மங்கிச் சாம்பல் பூத்தது போலத் தெரிந்தால் சிவப்புச் சிலந்திப்பேன் இருக்கலாம். ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்துக் கிளையைத் தட்டுங்கள். விழுந்த தூசி நகர்ந்தால் பேன் உறுதி. மாசி முதல் வைகாசி வரை இதன் தொல்லை அதிகம். வாரம் இரு முறை தண்ணீரை வேகமாகப் பீய்ச்சிச் செடியைக் கழுவினாலே பெரும்பாலும் கட்டுப்படும். அதற்கும் அடங்காவிட்டால் நனையும் கந்தகத் தூள் லிட்டருக்கு 2 கிராம் வீதம் கலந்து மாலையில் தெளிக்கலாம். கடும் வெயில் நாளில் தெளித்தால் இலை கருகும்.

நுனியிலிருந்து முழுச் செடியும் ஒரே சீராக வாடினால் வேரைத் தோண்டிப் பாருங்கள். வேர் கறுத்து மேல்தோல் உருவிக்கொண்டு வந்தால் தண்ணீர் தேக்கம்தான் காரணம். அதே இடத்தில் இன்னொன்றை நடாதீர்கள்.

மாடு வைத்திருப்போர் கவனத்துக்கு

வேலி கத்தரித்த தழையை மாட்டுக்குப் போடுவது நம் வழக்கம். சைப்ரஸ் தழையை மட்டும் போடக் கூடாது. மலைகளில் வேலியாக வளரும் மேக்ரோகார்பா சைப்ரஸில் ஐசோகுப்ரெசிக் அமிலம் என்ற பொருள் இருக்கிறது. சினைமாடு, அதிலும் கடைசி மூன்று மாதச் சினையில், இதைத் தின்றால் குறைமாதத்தில் கன்று போட நேரும்; நஞ்சுக்கொடி விழாமலும் தங்கும். இதே பொருள் சில பைன், ஜூனிபர் இனங்களிலும் உண்டு. எந்த ஊசியிலைத் தழையும் தொழுவத்துப் பக்கம் போகாமல் பார்த்துக் கொள்வதே பாதுகாப்பு. வெட்டியதைக் குழியில் போட்டு மூடுங்கள். ஒரு சினைமாட்டின் விலைக்கு எத்தனை அழகுச் செடி வாங்கலாம் என்று எண்ணிப் பாருங்கள்.

கன்று தயாரிக்க விரும்புவோருக்கு

இரண்டு சென்ட் நிழல்வலை உள்ளவர்கள் குட்டை துஜாவைத் தாங்களே பெருக்கலாம். மழைக்காலத்தில், முற்றத் தொடங்கிய 4 அல்லது 5 அங்குலப் பக்கக்குச்சியைத் தாய்க்குச்சியின் பட்டை சிறிது ஒட்டி வரும்படி கீழ்நோக்கிக் கிழித்து எடுங்கள். அடியில் மூன்றில் ஒரு பாகம் இலையை உருவி, வேர் ஊக்கி மருந்தில் தொட்டு, பாதி மணலும் பாதி தென்னை நார்க்கழிவும் கலந்த கலவையில் ஊன்றுங்கள். பாலிதீன் தாளால் மூடி நிழலில் வையுங்கள். வேர் பிடிக்க இரண்டு முதல் நான்கு மாதம் ஆகும். எல்லாக் குச்சியும் பிடிக்காது; இழுத்து இழுத்துப் பார்த்தால் பிடித்ததும் போய்விடும்.

துஜா விதையும் சுலபமாக முளைக்கும். காய் பழுப்பாகி வெடிக்குமுன் பறித்து நிழலில் உலர்த்தினால் விதை உதிரும். ஒரு நாள் ஊறவைத்து அரை அங்குல ஆழத்தில் விதைத்தால் மூன்று நான்கு வாரத்தில் முளைக்கும். ஆனால் இவை மரமாகும் கன்றுகள். வேலிக்கு விற்கலாம், குட்டை என்று சொல்லி விற்கக் கூடாது.

அரக்கேரியாவைக் குச்சியிலிருந்து உண்டாக்க நினைப்போர் ஒன்றை நினைவில் வையுங்கள். பக்கக் கிளையை ஊன்றினால் அது வேர் பிடித்த பிறகும் பக்கவாட்டிலேயே படுத்து வளரும், நிமிராது. நடுக்குருத்தை ஊன்றினால்தான் நேராக நிற்கும்.

செலவில்லாத வழியும் உண்டு

இதற்கெல்லாம் பணமோ தண்ணீரோ இல்லை என்போர் மனம் தளர வேண்டாம். நம் சவுக்கு நாற்றையே ஓர் அடி இடைவெளியில் நட்டு, சிறியதிலிருந்தே அடிக்கடி நுனி கத்தரித்து வந்தால் அடர்ந்த பச்சை வேலியாகவும், உருண்டையாகவும், கோபுரமாகவும் நிறுத்தலாம். அதையும் கட்டை வரை வெட்டாமல் இலேசாகவே கத்தரிக்க வேண்டும்.

வாங்கத்தான் போகிறீர்கள் என்றால் நர்சரியில் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். இதன் ரகப் பெயர் என்ன? விதைக் கன்றா, குச்சிக் கன்றா? தாய்ச் செடியைக் காட்ட முடியுமா? எங்கள் ஊர் வெயிலுக்கு நிற்குமா? பதில் சொல்கிறவரிடம் ஒன்று வாங்கிப் பாருங்கள். "வளரவே வளராதுங்க" என்று மட்டும் சொல்கிறவரிடம் கும்பிடு போட்டு விட்டு வந்துவிடுங்கள். உயிருள்ள எந்தச் செடியும் வளராமல் இருப்பதில்லை. அது வளர்ந்து எங்கே நிற்கும் என்று நடும் நாளிலேயே கணக்குப் போட்டவர் வீட்டு வாசலில்தான் அது அழகாக நிற்கும்.